பென்டிரைவ் முழுக்க ஷார்ட்கட் ஆகிவிட்டது: படங்களைக் காப்பாற்ற வழி உண்டா?

மூன்றாம்லயம் (சுங்கை சிப்புட்)

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம்.

வீட்டில் இருப்பது ஒரே கணினி, விண்டோஸ் 10. நான், மனைவி, படிவம் நான்கு படிக்கும் மகள், அப்பா என்று நாலு பேருக்கும் அதுதான். அப்பா 31 வருஷம் பால்மரம் சீவியவர். தோட்டம் செம்பனைக்கு மாறி, லயத்தை இடித்து, நாங்கள் இந்தத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) வந்தபோது கையோடு கொண்டுவந்தது ஒரு பிஸ்கட் டின் நிறையப் பழைய படங்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா கொட்டகை, கோயில் தீமிதி, யார் யார் வீட்டுக் கல்யாணமோ. இரண்டு வருஷமாக ராத்திரி ராத்திரி உட்கார்ந்து 400க்கு மேல் ஸ்கேன் செய்து ஒரு பென்டிரைவில் போட்டு வைத்திருந்தேன்.

போன சனிக்கிழமை பாட்டியின் திதிக்கு ஒரு படத்தைப் பெரிதாக அச்சடிக்க வேண்டியிருந்தது. பட்டணத்தில் ஒரு கடையில் பென்டிரைவைக் கொடுத்து வாங்கி வந்தேன். வீட்டில் செருகினால், எல்லாக் கோப்புறையின் மூலையிலும் வளைந்த அம்புக்குறி. 'பொங்கல் 1979' என்ற கோப்புறை 1 கேபி என்று காட்டுகிறது. அழுத்தினால் திறக்கிறது, படங்களும் தெரிகின்றன. ஆனால் மகளின் பென்டிரைவைச் செருகினேன், இரண்டு நிமிடத்தில் அதுவும் இதே மாதிரி ஆகிவிட்டது.

அதோடு, திரையின் வலது மூலையில் 'உங்கள் கணினியில் 5 வைரஸ்' என்று சிவப்பாக ஏதோ எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. இது பென்டிரைவுக்கு முன்பே இருந்தது என்கிறாள் மகள்.

கணினிக் கடையில் கேட்டால் எல்லாவற்றையும் அழித்து பார்மட் செய்துவிடலாம், 80 ரிங்கிட் என்கிறார்கள். பாதிப் படங்களின் அசல் கரையானுக்குப் போய்விட்டது. வேறு நகல் கிடையாது. என்ன செய்வது?


திருப்புளி (ஈப்போ)

தம்பி, பார்மட் செய்யாதீர்கள். யார் சொன்னாலும் செய்யாதீர்கள். உங்கள் படங்கள் எங்கும் போகவில்லை, அதே பென்டிரைவில்தான் இருக்கின்றன. நான் ஈப்போவில் 22 வருஷம் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவன். இந்த ஷார்ட்கட் பூச்சியை வாரத்துக்கு நாலு என்று பார்த்திருக்கிறேன்.

அது செய்வது இவ்வளவுதான். பென்டிரைவில் இருப்பதையெல்லாம் மறைத்துவிட்டு, அதே பெயர்களில் பொய் ஷார்ட்கட்டுகளை வைக்கும். நீங்கள் அழுத்தியதும் முதலில் தன்னுடைய சின்ன நிரலை ஓட்டிக்கொள்ளும், அப்புறம் உண்மையான கோப்புறையைத் திறந்து காட்டும். படம் தெரிகிறதே, பிழை ஒன்றும் இல்லை என்று நீங்கள் நினைப்பீர்கள். அதற்குள் அது கணினிக்குள் போய் உட்கார்ந்திருக்கும். சந்தேகம் இருந்தால் ஷார்ட்கட்டின் மேல் வலது பொத்தானை அழுத்தி 'பிராபர்ட்டீஸ்' பாருங்கள். 'டார்கெட்' என்ற கட்டத்தில் வெறும் கோப்புறைப் பெயர் இருக்காது. சிஎம்டி என்றோ டபிள்யூஸ்கிரிப்ட் என்றோ உள்ள நீளமான வரி இருக்கும்.

எக்ஸ்பி காலத்தில் பென்டிரைவைச் செருகினாலே போதும், 'ஆட்டோரன்' என்ற வசதி வழியாகத் தானாக ஓடும். 2011 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் அந்தக் கதவை அடைத்தது. அதற்குப் பிறகு நம் கையாலேயே அழுத்த வைக்கும் இந்த வகைதான் என் கடைக்கு அதிகம் வந்தது.

இப்போது செய்ய வேண்டியது. வரிசை முக்கியம், மாற்றாதீர்கள். கணினியில் அது இருக்கும்வரை பென்டிரைவை எத்தனை முறை கழுவினாலும் வீண்.

பென்டிரைவுகளைக் கழற்றி வையுங்கள். 'விண்டோஸ் செக்யூரிட்டி' திறந்து, அப்டேட் செய்துவிட்டு, 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' போய் 'ஃபுல் ஸ்கேன்' ஓட்டுங்கள். சாப்பிட்டுவிட்டு வரும் நேரமாகும். அது முடிந்ததும் அதே பட்டியலில் 'ஆஃப்லைன் ஸ்கேன்' இருக்கும். அதை அழுத்தினால் கணினி அணைந்து மறுபடி எழுந்து, விண்டோஸ் ஏறுவதற்கு முன்னாலேயே தேடும். கால் மணி நேரம் பிடிக்கும். விண்டோஸ் ஓடும்போது ஒளிந்துகொள்ளும் பூச்சிகள் அங்கே ஒளிய முடியாது.

கணினி சுத்தம் என்று தெரிந்த பிறகு பென்டிரைவைச் செருகுங்கள். எதையும் அழுத்தாதீர்கள். டிரைவின் பெயர்மேல் வலது பொத்தான், விண்டோஸோடு வரும் ஆண்டிவைரஸான டிஃபெண்டரால் ஸ்கேன். ஃபுல் ஸ்கேன் தானாக பென்டிரைவைப் பார்க்கும் என்று நம்பியிருக்க வேண்டாம், இப்படித் தனியாகச் சொல்ல வேண்டும். அப்புறம் ஃபைல் எக்ஸ்புளோரரில் 'வியூ', 'ஆப்ஷன்ஸ்' போய் இரண்டு மாற்றம்: மறைந்திருப்பவற்றைக் காட்டு என்பதைத் தேர்ந்தெடுங்கள், பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் கோப்புகளை மறை என்பதில் உள்ள சரிக்குறியை எடுங்கள். எச்சரிக்கை வரும், பயப்பட வேண்டாம். மங்கலாகத் தெரியும் கோப்புறைகள்தான் உங்களுடையவை. சில நேரம் பெயரே இல்லாத ஒரு கோப்புறைக்குள் எல்லாவற்றையும் தள்ளி வைத்திருக்கும். அதையும் பாருங்கள்.

படங்களை மட்டும் கணினிக்கு நகலெடுங்கள். ஷார்ட்கட் ஒன்றுகூட வரக்கூடாது. எண்ணிப் பாருங்கள், நாலைந்தைத் திறந்து பாருங்கள். அதற்குப் பிறகுதான் பென்டிரைவை பார்மட்.


செம்பனைக்காடு (பகாவ்)

அண்ணன் சொன்ன வழி சரிதான். ஆனால் இலவச டிஃபெண்டரை நம்பியதால்தானே இது உள்ளே வந்தது? நான் தோட்ட ஆபீசில் கிராணி. எங்கள் ஆபீஸ் கணினிகள் எல்லாவற்றிலும் காசு கொடுத்து வாங்கிய ஆண்டிவைரஸ்தான். வீட்டிலும் அதையே போட்டிருக்கிறேன். வருஷத்துக்கு 100 ரிங்கிட்டுக்குள் முடியும். 400 படங்களைவிட அது பெரிதா?


திருப்புளி (ஈப்போ)

காசு கொடுத்து வாங்குவதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன் தம்பி. ஆபீஸ் என்றால் அவசியம், அங்கே பத்துக் கணினியை ஒருவர் ஒரே இடத்திலிருந்து கவனிக்க வேண்டும். வீட்டுக்கு டிஃபெண்டர் போதும் என்பது என் கருத்து, அது அப்டேட் ஆகிக்கொண்டிருந்தால். கேள்வி அதுதான். மூன்றாம்லயம் தம்பி, உங்கள் வீட்டில் அது ஓடிக்கொண்டுதான் இருந்ததா? என் கடைக்கு வந்த கணினிகளில் பல, மூன்று மாத இலவச ஆண்டிவைரஸ் காலாவதியாகி, அது டிஃபெண்டரையும் ஒதுங்க வைத்து, இரண்டும் காவல் காக்காமல் கிடந்தவை. இரண்டு ஆண்டிவைரஸை ஒன்றாகப் போட்டு இரண்டும் ஒன்றையொன்று மறித்துக்கொண்டு கணினி ஊர்ந்ததையும் பார்த்திருக்கிறேன்.


மூன்றாம்லயம் (சுங்கை சிப்புட்)

அண்ணே, நீங்கள் சொன்னதேதான். கணினி வாங்கியபோது கூடவே வந்த ஒரு ஆண்டிவைரஸ், காலம் முடிந்து கிடந்தது. டிஃபெண்டர் அணைந்திருந்தது. எத்தனை மாதம் என்றே தெரியவில்லை. பழையதை நீக்கியதும் டிஃபெண்டர் தானாக எழுந்தது. அப்டேட் செய்து ஃபுல் ஸ்கேன் ஓட்டியதில் 7 அகப்பட்டது. ஆஃப்லைன் ஸ்கேனில் இன்னொன்று.

பென்டிரைவைச் செருகி நீங்கள் சொன்ன மாற்றங்களைச் செய்தேன். முதலில் ஒன்றுமே தெரியவில்லை, நெஞ்சு அடைத்துவிட்டது. அப்புறம் பார்த்தால் பட்டியலின் மேலே பெயரில்லாத ஒரு மங்கலான மஞ்சள் கோப்புறை. உள்ளே எல்லாம் இருந்தது. 'பொங்கல் 1979', 'தீமிதி', 'ஆயா கொட்டகை', எல்லாம். 412 படம். நகலெடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த மூலையில் வரும் சிவப்பு எச்சரிக்கை மட்டும் போகவில்லை.


கோயில்கணக்கு (தெலுக் இந்தான்)

தம்பி, படங்கள் கிடைத்ததில் மனசுக்கு நிம்மதி. ஆனால் இன்றைக்கே இன்னொரு இடத்தில் நகல் வையுங்கள். நான் பட்டதைச் சொல்கிறேன்.

எங்கள் கோயில் கமிட்டியில் நான் பொருளாளர். சில வருஷங்களுக்கு முன் ஒரு திங்கள் காலை கோயில் கணினியைத் திறந்தால், கணக்குக் கோப்புகள் எல்லாவற்றின் பெயருக்கும் பின்னால் புரியாத எழுத்துகள். ஒன்றும் திறக்கவில்லை. ஒரு எழுத்துக் கோப்பு மட்டும் திறந்தது: பணம் கட்டினால் சாவி தருகிறோம். யாரோ மின்னஞ்சலில் வந்த 'பில்' ஒன்றைத் திறந்திருக்கிறார்கள். பிடிஎஃப் மாதிரி தெரிந்த அது பிடிஎஃப் இல்லை, ஒரு நிரல். விண்டோஸ் கோப்பின் கடைசிப் பெயரை மறைத்துக் காட்டும் அல்லவா, அதனால் 'பில் டாட் பிடிஎஃப் டாட் இஎக்ஸ்இ' என்பது வெறும் 'பில் டாட் பிடிஎஃப்' ஆகத் தெரிந்திருக்கிறது.

என்னிடம் நகல் இருந்தது. வெளி ஹார்ட் டிஸ்க். ஆனால் வசதிக்காக அதை எப்போதும் கணினியிலேயே செருகி வைத்திருந்தேன். அதையும் சேர்த்துப் பூட்டிவிட்டது.

'நோ மோர் ரேன்சம்' என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் போலீஸ் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து போலீசும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016இல் தொடங்கிய இணையத்தளம் இருக்கிறது. சில வகைப் பூட்டுகளுக்கு இலவசமாகச் சாவி கிடைக்கும். எங்களுக்கு வந்த வகைக்கு அங்கே சாவி இல்லை. பணம் கட்டக்கூடாது என்று கமிட்டி முடிவு செய்தது. கட்டியவர்களுக்கெல்லாம் சாவி வந்துவிடுவதும் இல்லை. நானும் என் மகளும் இரண்டு மாதம் உட்கார்ந்து பழைய ரசீதுப் புத்தகங்களைப் பார்த்து ஒவ்வொரு வரியாகத் திரும்ப அடித்தோம். உபயக்காரர்கள் பெயர், தொகை, தேதி. பிழைத்தது அந்தக் கார்பன் காகித நகல்களால்தான்.

இப்போது என்னிடம் இரண்டு ஹார்ட் டிஸ்க். ஞாயிறு பூசை முடிந்து ஒன்றைச் செருகுவேன், நகலெடுப்பேன், கழற்றிக் கோயில் இரும்பு அலமாரியில் வைப்பேன். இன்னொன்று என் வீட்டில், மாதம் ஒருமுறை மாற்றிக்கொள்வேன். நகல் எடுத்ததும் கழற்றுங்கள் தம்பி. அதைத்தான் கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன்.


திருப்புளி (ஈப்போ)

அக்கா சொன்னதை எல்லாரும் இரண்டு முறை படியுங்கள். மூன்று நகல், இரண்டு வேறு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே என்பது எங்கள் தொழிலில் பழைய கணக்கு.

2017 மே 12ஆம் தேதி 'வான்னாகிரை' என்ற இதே மாதிரிப் பூட்டும் பூச்சி உலகம் முழுக்கப் பரவியபோது, 150க்கும் மேற்பட்ட நாடுகளில் கணினிகளைப் பூட்டி 300 டாலர் கேட்டது. அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் 14ஆம் தேதியே ஒட்டு வெளியிட்டுவிட்டது. கிட்டத்தட்ட இரண்டு மாதம். அப்டேட்டை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டவர்களைத்தான் அதிகம் பிடித்தது.

சிவப்பு எச்சரிக்கை விஷயம்: அது வைரஸே இல்லை என்று நினைக்கிறேன். பிரவுசரில் ஏதோ ஒரு தளம் 'நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அனுமதி அழுத்துங்கள்' என்று கேட்டிருக்கும், வீட்டில் யாரோ அழுத்தியிருப்பார்கள். குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் போங்கள். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாத பெயர் எல்லாவற்றையும் நீக்குங்கள். அந்த எச்சரிக்கையை மட்டும் அழுத்தாதீர்கள், அங்கே கொடுக்கும் 'கிளீனர்' எதையும் இறக்காதீர்கள்.


படிவம்5 (சுங்கை சிப்புட்)

அண்ணே, எனக்கு இதே மாதிரி வந்தது, ஆனால் அனுமதி கேட்கவில்லை. பாடக் குறிப்பு தேடும்போது ஒரு பக்கத்தில் 'ரோபோ இல்லை' கட்டம். டிக் பண்ணியதும் விண்டோஸ் பொத்தானையும் 'ஆர்' எழுத்தையும் சேர்த்து அழுத்து, அப்புறம் கண்ட்ரோல் வி, அப்புறம் எண்டர் என்று போட்டிருந்தது. செய்துவிட்டேன். கறுப்புக் கட்டம் ஒன்று வந்து மறைந்தது. வேறு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மறுநாள் என் இன்ஸ்டாகிராமில் யாரோ நுழைந்துவிட்டார்கள். அது இதனாலா?


திருப்புளி (ஈப்போ)

ஆமாம் தங்கச்சி, அதனால்தான் இருக்கும். உங்கள் மேல் பிழை இல்லை, நன்றாகத் தெரிந்தவர்களையும் ஏமாற்றுகிறது. அந்தப் பக்கம் ஒரு கட்டளையை உங்களுக்குத் தெரியாமல் கிளிப்போர்டில் (நகலெடுத்தது தங்கும் இடத்தில்) வைத்துவிடும். விண்டோஸும் ஆரும் அழுத்தினால் திறப்பது 'ரன்' கட்டம். கண்ட்ரோல் வி போட்டு எண்டர் தட்டினால் அந்தக் கட்டளையை நாமே ஓட்டுகிறோம். எந்த உண்மையான சோதனையும் விசைப்பலகையில் இப்படி அழுத்தச் சொல்லாது.

இப்படி வருபவை பெரும்பாலும் திருட்டு நிரல்கள். பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களையும், உள்ளே நுழைந்திருக்கும் அடையாளக் குக்கிகளையும் அள்ளிக்கொண்டு போகும். அதனால் கடவுச்சொல்லை அந்தக் கணினியிலிருந்து மாற்றாதீர்கள், புதியதையும் அது பார்த்துக்கொள்ளும். அப்பா அம்மாவின் கைப்பேசியிலிருந்து மாற்றுங்கள். முதலில் மின்னஞ்சல், அது போனால் மற்ற எல்லாம் போகும். பிறகு எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு என்று கொடுங்கள், இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைப் போடுங்கள். கணினியில் ஆஃப்லைன் ஸ்கேன் முடித்தாலும், என்னைக் கேட்டால் பாடங்களை நகலெடுத்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றிவிடுவேன். ஆமாம், மேலே பார்மட் வேண்டாம் என்று சொன்னதும் நான்தான். அங்கே நகல் இல்லாத படங்கள் இருந்தன. வீட்டில் அந்தக் கணினியில் வங்கிக் கணக்கு பார்ப்பார்களா? பார்த்தால் இன்றைக்கே அப்பாவிடம் சொல்லுங்கள்.


படிவம்5 (சுங்கை சிப்புட்)

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். திட்டவில்லை. மாற்றிக்கொண்டிருக்கிறோம்.


ஓய்வாசிரியர் (கூலிம்)

பிள்ளை வீட்டில் சொன்னது பெரிய காரியம். பயந்து மறைத்திருந்தால் நாலு நாள் போயிருக்கும்.

இரண்டு செய்தி சொல்கிறேன். தமிழ்ப்பள்ளியில் இருந்தபோது இலவசத் தமிழ் எழுத்துரு என்று ஏதோ தளத்தில் இறக்கி, அதோடு மூன்று வேண்டாத நிரல்கள் வந்து சேர்ந்ததை அனுபவித்தவன் நான். இப்போது அந்தத் தேவையே இல்லை. விண்டோஸ் 2000இலிருந்தே லதா என்ற தமிழ் எழுத்துரு கூட வருகிறது, விண்டோஸ் 10இன் பிந்தைய பதிப்புகளில் தமிழ் 99 விசைப்பலகையும் உள்ளேயே இருக்கிறது. மொழி அமைப்பில் சேர்த்துக்கொண்டால் போதும். அதே போல 'கிராக்' செய்த ஆபீஸ் நிரலும் வேண்டாம். அதை நிறுவும்போது 'ஆண்டிவைரஸை அணை' என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கும். வீட்டுக் காவல் நாயைக் கட்டிப்போட்டால்தான் உள்ளே வருவேன் என்பவனை எந்த வீட்டில் விடுவோம்?

இரண்டாவது கேள்வி, திருப்புளி தம்பிக்கு. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு ஆதரவு முடிந்தது. என் கணினி பழையது, 11 ஏறாது என்கிறது. தூக்கிப் போட வேண்டுமா?


திருப்புளி (ஈப்போ)

வேண்டாம் சார். வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் தொடரும் திட்டம் உண்டு. செட்டிங்ஸில் அப்டேட் பக்கத்தில் சேரும் இணைப்பு இருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை ஒத்திசைத்தால் இலவசம், இல்லையென்றால் 30 டாலர். அதற்குள் முடிவு செய்யலாம். படிக்க, எழுத, யூடியூப் பார்க்க மட்டும் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போட்டுத் தருகிறேன், ஈப்போ வந்தால் சொல்லுங்கள்.

மூன்றாம்லயம் தம்பி, உங்களுடையதும் 10தான். மறக்காமல் சேருங்கள். அப்புறம் நாலு பேரும் ஒரே நிர்வாகிக் கணக்கில் நுழைகிறீர்கள் என்று நினைக்கிறேன். அதை மாற்றுங்கள். நிர்வாகிக் கணக்கு உங்களுக்கு மட்டும், கடவுச்சொல்லோடு. மற்ற மூவருக்கும் சாதாரணக் கணக்கு. எதையாவது நிறுவப் போனால் உங்கள் கடவுச்சொல்லைக் கேட்கும். அந்தக் கேள்வி வரும்போது வீட்டில் ஒருவர் நின்று யோசிப்பார்.


செம்பனைக்காடு (பகாவ்)

ஆபீசில் எங்களுக்கு இருப்பதும் சாதாரணக் கணக்குதான், இப்போதுதான் ஏன் என்று புரிகிறது. வீட்டில் நான் வைத்திருக்கும் ஆண்டிவைரஸை மாற்றப் போவதில்லை, ஆனால் காலாவதித் தேதியை நாட்காட்டியில் குறித்துவிட்டேன்.

கைப்பேசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் சித்திக்கு வாட்ஸ்அப்பில் கல்யாண அழைப்பிதழ் என்று ஒரு கோப்பு வந்தது. தெரிந்தவர் எண்ணிலிருந்துதான். அழைப்பிதழ் என்றால் படமாகவோ பிடிஎஃப்பாகவோ இருக்கும், இது 'ஏபிகே', அதாவது கைப்பேசியில் செயலியை நிறுவும் கோப்பு. திறந்ததும் குறுஞ்செய்தியைப் படிக்க அனுமதி கேட்டிருக்கிறது. பணம் மாற்ற வங்கி அனுப்பும் ஒருமுறை எண்ணான டிஏசி அப்போது அதில்தானே வந்தது! நல்லவேளை, சித்தி அங்கேயே நிறுத்திவிட்டு எனக்கு அழைத்தார். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் வங்கிக்கோ மோசடிப் புகார் எண்ணான 997க்கோ அழையுங்கள். கணினித் தாக்குதல் என்றால் சைபர்999 என்ற உதவிச் சேவை, எண் 1-300-88-2999.


மூன்றாம்லயம் (சுங்கை சிப்புட்)

எல்லாருக்கும் நன்றி. நோட்டிஃபிகேஷன் பட்டியலில் பெயர் தெரியாத 11 தளங்கள் இருந்தன. நீக்கியதும் சிவப்பு எச்சரிக்கை நின்றுவிட்டது. அப்பாதான் ஒவ்வொன்றுக்கும் அனுமதி கொடுத்திருக்கிறார், கேட்டால் கொடுக்க வேண்டும் போல என்று நினைத்தாராம். இப்போது அவருக்குத் தனிக் கணக்கு, பெரிய எழுத்தில். விண்டோஸ் 10 திட்டத்திலும் சேர்ந்துவிட்டேன். மகளின் பென்டிரைவும் சுத்தம். அச்சுக் கடைக்கு இனி ஒரே ஒரு படத்தைத் தனி பென்டிரைவில் போட்டு எடுத்துப் போவேன், திரும்பி வந்ததும் திறக்காமல் பார்மட்.

படங்கள் 412ம் சரி. நேற்று ராத்திரி அப்பாவை உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினேன். ஆயா கொட்டகைப் படத்தில் தொட்டில்களுக்குப் பின்னால் நிற்கும் பெண்மணி யார் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். 'உன்னைத் தூக்கி வளர்த்த ஆயாடா' என்றார். பெயரும் சொன்னார். தமிழ் 99ஐச் சேர்த்து, கோப்பின் பெயராகவே அதைத் தட்டச்சு செய்தேன். இன்னும் 390க்கு மேல் பெயர் எழுத வேண்டும், தினமும் பத்து என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கியிருக்கிறேன். ஒன்று அப்பாவின் அலமாரியில், பிஸ்கட் டின்னுக்குப் பக்கத்தில், கழற்றிய நிலையில். இன்னொன்றை ஞாயிற்றுக்கிழமை ஈப்போவில் தங்கச்சி வீட்டில் வைத்துவிட்டு வருகிறேன்.